மாத்திரையின் விலையும் மணிநேரத்தின் விலையும்

கடலூர் மாவட்டத்தில் மனநோய்க்கான மாத்திரை இன்று ஏழைக்கு எட்டாத பொருளன்று. மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு மனநலப் பிரிவின் வரிசையில் நிற்பவர், கையிலிருந்து கட்டணம் எதுவும் கொடுக்காமல் மருத்துவரைப் பார்த்து, குறிப்பிட்ட நாட்களுக்கான மருந்தையும் வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பிவிட முடியும்; சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. ஆனால் மனைவியோ கணவனோ பெரும் அதிர்ச்சி ஒன்றுக்கு ஆளாகி, ஆண்டுக்கணக்கில் அதிலிருந்து மீளாமல் இருக்கும் குடும்பத்துக்கு மாத்திரையைவிட அதிகம் தேவைப்படுவது வேறொன்று: பயிற்சி பெற்ற ஒருவர், வாரத்தில் ஒரு நாள், ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஆள் மாறாமல் எதிரே அமர்ந்து தருகிற கவனம். அந்த ஒரு மணி நேரத்துக்கு இப்பகுதியில் என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி விழிப்புணர்வுக் கூட்டங்களில் எழுவதில்லை. தயங்காமல் உதவி தேடுங்கள் என்று சொல்வதோடு அவை முடிந்துவிடுகின்றன.

உளக்காயம் என்று இங்கே குறிக்கப்படுவது, உயிருக்கோ உடலுக்கோ மானத்துக்கோ நேர்ந்த பேராபத்தை நேரில் அனுபவித்தவர் அல்லது கண்ணெதிரே கண்டவர், அந்த ஆபத்து நீங்கிய பின்னும் அது நீங்காதது போலவே வாழும் நிலை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் அனுபவம் அளித்த அழுத்தத்தால், இதன் தீவிர வடிவம் தனி நோயாக இடம்பெற்றது. தமிழில் அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று எழுதுகிறார்கள். நடந்தது கனவாகவும் நினைவாகவும் அழையாமல் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் ஒதுக்குவது, சிறு ஒலிக்கும் உடல் துள்ளி எழும் அளவுக்கு எப்போதும் விழிப்பாகவே இருப்பது ஆகியவை அதன் முக்கிய அடையாளங்கள். மருத்துவமனைக்கு வரும்போது இவை இந்தப் பெயர்களில் வருவதில்லை. தூக்கம் இல்லை, படபடப்பாக இருக்கிறது, தலை கனக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்றே சொல்லப்படுகிறது. உடன் வந்த கணவரோ மனைவியோ, பயந்துபோனதிலிருந்து இப்படித்தான் என்று ஒரு வரியைச் சேர்க்கிறார். நோயைக் கண்டறிவதற்கு உதவும் அந்த ஒரு வரியைச் சொல்ல, பரபரப்பான புறநோயாளர் பிரிவில் எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

இந்த மாவட்டத்துக்கு அதிர்ச்சி புதிதன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சாமியார்பேட்டை, புதுக்குப்பம், பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு எனக் கடலோர ஊர்களை வரிசையாகத் தாக்கியதில் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. அதன்பின் சில மாதங்களுக்கு இக்கரையில் ஆற்றுப்படுத்துநர்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 1999 ஒடிசா புயலிலும் 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, உள்ளூர்ப் பணியாளர்களுக்கு அடிப்படை மனநல ஆதரவுப் பயிற்சியை வழங்கியது. அத்தகைய முறையான பணிகளோடு, ஒருமுறை வந்து, நடந்ததை முழுவதும் சொல்லவைத்து, குழந்தைகளிடம் வண்ணப் பென்சில் கொடுத்து அலையை வரையச் சொல்லி, நிழற்படம் எடுத்துக்கொண்டு போன குழுக்களும் இருந்தன. அதிர்ச்சிக்குள்ளானவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பலனளிப்பதில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்பது அப்போதே ஆய்வுலகில் தெரிந்திருந்த செய்திதான். பேரிடர் நிவாரணத்தின் கால அளவு மாதங்களில் கணக்கிடப்படுகிறது. உளக்காயம் மாதங்களுக்குப் பின் தன்னை வெளிக்காட்டுவதும் உண்டு. கேட்க ஆள் இருந்தபோது பேசும் நிலையில் இல்லாதவர்கள், பேசும் நிலைக்கு வந்தபோது கேட்க ஆளில்லாமல் போனார்கள்.

தமிழகக் கடலோர மீனவ ஊர் ஒன்றில் ஆழிப்பேரலைக்குப் பின் நடத்தப்பட்டு, 2007-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளியான ஆய்வு ஒன்று, பெரியவர்களில் 12.7 விழுக்காட்டினருக்கு மேற்சொன்ன கோளாறு இருந்ததாகக் கண்டது. பெண்களிடமும், வருமானமே இல்லாத வீட்டினரிடமும், அலையில் காயம்பட்டவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. வருமானமின்மை என்ற காரணி இந்தப் பட்டியலில் இருப்பது கவனிக்கத்தக்கது, ஏனெனில் சிகிச்சைக்கான செலவை எவரால் மிகக் குறைவாகத் தாங்க முடியுமோ அவரிடமே நோய் அதிகம் இருக்கிறது.

அந்த ஆண்டுகளில் அரசு எடுத்த ஒரு முடிவு, கணவன் மனைவி என்ற அலகை உளக்காயம் எப்படித் தாக்குகிறது என்பதை வேறெந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. குழந்தைகளை அலையில் இழந்த தாய்மாரில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். எனவே அவர்கள் மீண்டும் கருத்தரிப்பதற்காகக் கருக்குழாயை இணைக்கும் மறு அறுவையை இலவசமாகச் செய்ய தமிழ்நாடு அரசு முன்வந்தது. அந்த உதவியைக் குறைசொல்ல வேண்டியதில்லை. பலர் அதைக் கேட்டுப் பெற்றார்கள். ஆனால் இழப்புக்கு ஈடு இன்னொரு பிறப்பு என்ற எண்ணத்தின் சுமை முழுவதையும் அது ஏற்கெனவே சிதைந்திருந்த பெண்ணுடலின்மேல் ஏற்றியது என்பதையும், அறுவை அரங்குக்குச் செலவிட முன்வந்த நிர்வாகம், அதே அளவு கவனத்தோடு அந்தத் தம்பதியரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதற்குச் செலவிட வேண்டும் என்று கருதவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஆண்களின் துயரத்துக்கு அந்த அளவு கூட வடிவம் கிடைக்கவில்லை. கடலைப் பார்க்க அஞ்சும் மீனவன் தொழிலுக்குப் போகாததைச் சோம்பல் என்றும், குடிப்பதைக் குணக்கேடு என்றும் ஊர் சொன்னது. மருத்துவமும் பெரும்பாலும் குடியைத்தான் பார்த்தது.

கடல் ஒன்றே காரணமன்று. 1992-இல் அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில் கணவன் ஒருவர் இறந்ததும் அவருடைய மனைவி பாலியல் வன்முறைக்கு உள்ளானதும் தமிழகம் முழுவதும் பேசப்பட்டன. 1993-இல் விருத்தாசலம் பக்கத்து முதனை ஊரைச் சேர்ந்த ராஜாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட வழக்கு, பின்னாளில் திரைப்படமாகவும் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல் பண்ருட்டிப் பகுதியின் முந்திரியையும் பலாவையும் ஒரே நாளில் சாய்த்தது. இவற்றுக்கு அப்பால், எந்தச் செய்தித்தாளிலும் வராமல், வீட்டுக்குள்ளேயே நடக்கும் வன்முறையால் ஏற்படும் காயங்கள் எண்ணிக்கையில் இவை எல்லாவற்றையும் மிஞ்சக்கூடும்.

உளக்காயத்துக்கு உரிய சிகிச்சை எது என்பதில் இன்று பெரிய மருத்துவச் சர்ச்சை இல்லை. நடந்ததைப் பற்றிய நினைவையும் அதையொட்டி உருவான நம்பிக்கைகளையும் (தன்னால்தான் குழந்தையின் கை நழுவியது என்பது போன்றவை) பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ள உதவும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை முதன்மையானது. காயத்தின் நினைவை மனதில் நிறுத்தியபடி கண்ணசைவைச் சீராக வழிநடத்தும் இ.எம்.டி.ஆர். என்ற முறைக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல் இடமளிக்கிறது. மனச்சோர்வு நீக்கி வகை மருந்துகள் துணைசெய்யும். இந்த உளச்சிகிச்சைகள் பொதுவாக 8 முதல் 16 அமர்வுகள் வரை நீளும். நாட்பட்ட, சிறுவயதிலிருந்தே தொடர்ந்த காயங்களுக்கு இன்னும் அதிகம். அதே வழிகாட்டுதல், அண்மையில் அதிர்ச்சிக்குள்ளானவருக்கு அந்த மன அழுத்தத்தைத் தணிப்பதற்கென்று பென்சோடயசெபின் வகை மருந்துகளைத் தர வேண்டாம் என்கிறது. ஊர்ப்பேச்சில் தூக்க மாத்திரை எனப்படுபவை பெரும்பாலும் இவைதாம். எளிதில் கிடைப்பதும் உடனே அடங்கச் செய்வதும் அவையாகவே இருப்பதால், பல வீடுகளில் பழைய சீட்டை வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் அவை வாங்கப்படுகின்றன.

மாத்திரை மலிவானது தற்செயலாக நிகழ்ந்ததன்று. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்கேட்டின்படி வழங்கும் முறையை உருவாக்கியது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுச்சென்ற ஏற்பாடு அது. ஒரு மணி நேரப் பேச்சை இப்படி மொத்தமாக வாங்கவோ கிடங்கில் அடுக்கவோ முடியாது என்பது உண்மை. அதை உற்பத்தி செய்யும் ஆளை நியமித்து, மாதச் சம்பளம் கொடுத்து, நிலைக்கச் செய்ய வேண்டும். மருந்துக்காக அரசு முப்பது ஆண்டுகளாகச் செலுத்திய நிர்வாக அறிவில் ஒரு சிறு பங்குகூட இதற்குச் செலுத்தப்படவில்லை என்பதுதான் குறை.

மாவட்ட மனநலத் திட்டம் தேசிய அளவில் 1996-இல் தொடங்கி, தமிழகத்தில் முதலில் திருச்சியில் நடைமுறைக்கு வந்து, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் அடங்கிய குழு குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்ப்பது அதன் நடைமுறை. மனச்சிதைவு போன்ற கடும் நோய்களுக்கு இந்த ஏற்பாடு செய்திருக்கும் நன்மை கொஞ்சமன்று. ஆனால் நாடு முழுவதும் ஒரு லட்சம் மக்களுக்கு 0.75 மனநல மருத்துவர் என்று 2019-இல் மதிப்பிடப்பட்ட நிலையில், ஒரு முற்பகலில் வரிசை முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டிய குழுவிடம், ஒருவருக்கே ஒரு மணி நேரம் என்ற கணக்கு நிற்காது. அங்கே ஆற்றுப்படுத்தல் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிட அறிவுரை. மருந்தை நிறுத்தாதீர்கள், மனதைத் தளரவிடாதீர்கள். மருத்துவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் நேரம் அவ்வளவே.

எனவே தேடல் வெளியே போகிறது. புதுச்சேரியிலோ சென்னையிலோ உளவியலாளரின் தனியார் அமர்வு ஒன்றுக்கு ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டாயிரமும் அதற்கு மேலும் கேட்பது வழக்கமாகிவிட்டது. நடுவாக 1,500 என்று கொண்டால் 12 அமர்வுக்கு 18,000 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய் என்பதோடு ஒப்பிட்டால், அது ஏறக்குறைய 54 நாள்கூலி. கட்டணமே இல்லை என்றாலும் கணக்கு சுழியமாகிவிடாது. கடலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், புதுச்சேரியின் கோரிமேட்டில், ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது; சிதம்பரத்திலிருந்து அதன் தொலைவு ஏறக்குறைய இதைப்போல் மூன்று மடங்கு. அங்கே 12 வாரமும் இலவசமாகவே சிகிச்சை கிடைப்பதாகக் கொண்டாலும், நோயுற்றவரும் துணைக்கு வருபவரும் சேர்ந்து இழப்பது 24 நாள்கூலி, அதாவது 8,064 ரூபாய். பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் கெஞ்சுவதும் தனி. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கே பொருந்தும் என்பதால், சிதம்பரம்-புதுச்சேரி புறநகர்ப் பேருந்தில் அது உதவாது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, மனநோயுள்ள ஒருவருக்காகக் குடும்பம் சிகிச்சைக்கும் பயணத்துக்குமாக மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிடுவதாகப் பதிவுசெய்தது. பயணம் அதில் தனித்துக் குறிப்பிடப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. மீனவக் குடும்பங்களில் இந்தக் கணக்குக்கு இன்னொரு கோணமும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகில் போகும் கணவனுக்கு மனைவியோடு மருத்துவமனைக்கு அலைய நாள் கிடைக்கிறது. வருமானம் இல்லாத நாட்களும் அவைதாம்.

காப்பீடு இந்த இடைவெளியை நிரப்பும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உடல்நோய்க்கு அளிக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளிக்க வேண்டும் என்று தன் 21-ஆம் பிரிவில் கட்டளையிடுகிறது. சொல்லளவில் இது சமத்துவம்தான். ஆயின் காப்பீட்டு உலகத்தின் அடிப்படை அலகு மருத்துவமனைப் படுக்கை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக இருந்தாலும் தனியார் பத்திரமாக இருந்தாலும், உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பெரும்பாலும் பணம் வரும். நாற்காலியில் அமர்ந்து பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அதில் இடமில்லை. உளச்சிகிச்சை என்பதே அப்படிப் பேசிவிட்டு வீட்டுக்குப் போவதுதான்.

அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு இன்னும் துணிச்சலானது. தாங்கத்தக்க செலவில், நல்ல தரத்தில், போதிய அளவில், எட்டும் தொலைவில் மனநலச் சேவை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று சொல்லி, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, அட்டை கையில் இல்லாவிட்டாலும், அரசு நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை தரப்பட வேண்டும் என்று அது விதிக்கிறது. சட்டம் குறிப்பிடும் சேவைகள் ஒரு மாவட்டத்தில் இல்லையென்றால், அம்மாவட்டத்தில் உள்ள வேறு நிலையத்தில் சிகிச்சை பெறவும், அந்தச் செலவை அரசே ஏற்கவும் வழிசெய்கிறது. இந்த விதியை ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டாலே போதும், பல கேள்விகள் எழத் தொடங்கும். ஒருவேளை அதனால்தான் அது அச்சிடப்படாமல் இருக்கிறதோ என்று ஐயுறுவது அளவு மீறிய கசப்பாக இருக்கலாம்.

உளவியல் கற்றவர்கள் இல்லாத பகுதியாக இது இருந்தால் நிலைமையைப் புரிந்துகொள்வது எளிது. சிதம்பரமோ உளவியல் பட்டங்களின் ஊற்றுக்கண். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1979 முதல் நடத்திய தொலைநிலைக் கல்வி வழியாகத் தமிழகம் முழுவதற்கும் உளவியல் முதுகலைப் பட்டதாரிகளை அனுப்பியது. ஆற்றுப்படுத்துநர் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் பலருடைய சான்றிதழ் இங்கிருந்து போனதே. ஆனால் மருத்துவ உளவியலாளர் என்று சட்டப்படி அழைக்கப்பட, இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற மேற்படிப்பும், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியும், குழுமத்தில் பதிவும் வேண்டும். பட்டத்துக்கும் பயிற்சிக்கும் இடையிலான இந்தப் பள்ளத்தை நோயாளி அறிய வழியில்லை. கட்டணம் இருவரிடமும் ஒன்றாகவே இருக்கவும் கூடும். பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல்தான் உளவியலைத் தொலைநிலையில் கற்பிப்பதை நிறுத்தச் சொன்னது. மருத்துவக் கல்லூரியின் கதையும் பணத்தைச் சுற்றியதே: 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2013-இல் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்ற பின்னும் தனியார் கல்லூரியை ஒத்த கட்டணத்தையே மாணவர்களிடம் வசூலித்து, அதை எதிர்த்து அவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கி வாரக்கணக்கில் நடத்திய போராட்டத்துக்குப் பிறகே, 2021-இல் சுகாதாரத் துறையின் கீழ் முழுமையான அரசுக் கல்லூரியாக மாறியது. பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையும் மருத்துவமனையின் மனநலத் துறையும் ஒரே ஊரில் இருந்தும், ஒன்றில் பயில்பவர் மற்றதில் மேற்பார்வையின்கீழ் வாராந்திர அமர்வுகள் நடத்துவது ஒரு பொதுச்சேவையாக வளரவில்லை. உலகின் பல நகரங்களில் குறைந்த கட்டண உளச்சிகிச்சை என்பது பெரும்பாலும் பயிற்சி மாணவர்களின் மருத்துவமனை நேரமே.

பணத்தில் அடங்காத விலை ஒன்றும் இருக்கிறது, அதைத் திருமணமே நிர்ணயிக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், குணமாகாத மனநலக் குறைபாட்டையோ, சேர்ந்து வாழ்வது நியாயமாக இயலாத அளவிலான மனக்கோளாறையோ மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. மனச்சிதைவு என்ற பெயர் மட்டும் போதாது, அதன் அளவு மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் தெளிவுபடுத்தியது. அந்தத் தீர்ப்பை அறிந்தவர் வழக்கறிஞர். மருத்துவச் சீட்டைப் பத்திரமாக எடுத்துவைக்கும் மாமியாரைப் பார்க்கிற மருமகளுக்குத் தெரிந்தது, அந்தத் தாள் ஒருநாள் தனக்கு எதிராக நீட்டப்படலாம் என்பது. ஆகவே தனியாருக்குப் போக வசதியுள்ளவர்கள் ஊர் தாண்டிப் போகிறார்கள். இல்லாதவர்கள் நரம்பு டாக்டர் என்ற பெயரில் போகிறார்கள், அல்லது மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். கயிற்றை இகழ்வது எளிது. அது பதிவேட்டில் ஏறுவதில்லை என்பதும், கட்டுபவர் குறைந்தபட்சம் கால் மணி நேரமாவது கதை கேட்கிறார் என்பதும் அதன் பக்கத்து நியாயங்கள். ஆனால் தர்கா ஊரான ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தது, அந்தப் பாதையின் கோடியில் எது நிற்கக்கூடும் என்பதையும் காட்டியிருக்கிறது.

சிகிச்சை தேடும் துணைவரைப் பற்றி எழுதும்போது அவரைத் தியாகியாக வரைந்துவிடும் போக்கு உண்டு. பலர் அந்தப் பாராட்டுக்குத் தகுதியானவர்களே. தூக்கமில்லாத இரவுகளும் காரணமற்ற சீற்றமும் நெருக்கமின்மையும் உடன் வாழ்பவரையே நோயாளியாக்கும் அளவுக்குத் தேய்க்கக்கூடியவை, அவருக்கென ஒரு மணி நேரம் ஒதுக்குவது எந்தத் திட்டத்திலும் இல்லை. ஆனாலும், அறைக்குள் உடன் வந்து நோயாளிக்குப் பதிலாகத் தானே பேசுகிற கணவர்தான் காயத்தின் காரணமாகவும் இருக்கும் வாய்ப்பைச் சிகிச்சையாளர் மறக்கக்கூடாது. மனநலச் சட்டம் தன் சார்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நோயுற்றவருக்கே தருவதும், சிகிச்சை விவரங்களை மறைவாகக் காப்பதை உரிமையாக்கியிருப்பதும் இதனால்தான் முக்கியமாகின்றன. வன்முறைக்குள்ளான பெண்களுக்கு மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையமும் 181 உதவி எண்ணும் கட்டணமில்லாமல் ஆற்றுப்படுத்தல் தருகின்றன. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மனஸ் திட்டத்தின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். நெருக்கடியான இரவுக்கு இவை உதவும். ஒவ்வொரு முறையும் வேறொரு குரலிடம் கதையை முதலிலிருந்து தொடங்குவது உளக்காயச் சிகிச்சை ஆகாது.

மணிநேரத்தை மலிவாக்க முடியுமா என்பதற்கு ஓரளவு விடை ஏற்கெனவே இருக்கிறது. கோவாவில் சங்காத் அமைப்பு, மருத்துவப் பின்னணியே இல்லாத உள்ளூர் மக்களுக்குச் சில வாரப் பயிற்சி அளித்து, கடும் மனச்சோர்வுள்ளவர்களுக்கு 6 முதல் 8 அமர்வுகள் நடத்தச் செய்து, வழக்கமான பராமரிப்பைவிட அது நல்ல பலனைத் தந்ததை முறையான சோதனையில் காட்டியது. சென்னையின் ஸ்நேகா அமைப்பு, ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்தவர்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அனுப்பித் துயரைக் கேட்கச் செய்ததன் மதிப்பீட்டை 2008-இல் வெளியிட்டது, அதுவும் நம்பிக்கையளிப்பதே. எல்லாவற்றுக்கும் முன்னோடி யாழ்ப்பாணம். பல லட்சம் மக்களுக்கு விரல்விட்டு எண்ணும் அளவிலேயே மனநல மருத்துவர்கள் இருந்த போர்க்காலத்தில், பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் உளக்காயம் பற்றிய பயிற்சியைத் தமிழிலேயே அளித்தார்கள்; அவரவர் சமயத்துக்கு ஏற்ற செபத்தையும் மூச்சுப் பயிற்சியையும் தளர்வுமுறையாகச் சேர்த்துக்கொண்டார்கள்; 1987 முதல் இயங்கும் சாந்திகம் என்ற நிறுவனம் ஆற்றுப்படுத்தலை ஒரு பணியாகவே நிலைநிறுத்தியது. கடலுக்கு அப்பால் இதே மொழியில் உருவான இந்த அனுபவமும் கைநூல்களும் கடலூரில் எவ்வளவு குறைவாகப் புழங்குகின்றன என்பது தமிழ் அறிவுலகத்தின் நெடுநாள் குறை.

மாற்றுகளைச் சோதித்துப் பார்ப்பதும் இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. காட்டுமன்னார்கோயில் பகுதியில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பெட்டகத்தில் பூட்டிவைத்தால் தற்கொலை குறையுமா என்று ஸ்நேகா நடத்திய ஆய்வு 2013-இல் வெளியாகி, பிற நாடுகளிலும் கவனிக்கப்பட்டது. அங்கே தேவைப்பட்டவை ஒரு கட்டடம், பெட்டிகள், சாவி, ஊராரால் நம்பப்படும் ஒரு பொறுப்பாளர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமோ இரத்த அழுத்த மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவந்ததற்காகவே பேசப்படுகிறது. அதன் கீழ் இயன்முறை மருத்துவரும் வலி தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வந்து நோயாளியோடு உட்காருகிறார்கள் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. உடலுக்காக ஒரு மனிதரின் நேரத்தை வீடு தேடி அனுப்ப அரசு ஒப்புக்கொண்டுவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

மனதுக்காக அனுப்புவதில் உள்ள பெரிய தடை செலவைவிட அந்தரங்கம். ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்புகளின் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அந்த ஊர்ப் பெண் ஒருவரையே பயிற்றுவித்து அமர்த்தினால், அவரிடம் சொன்னது ஊர்ப் பஞ்சாயத்து வரைக்கும் போகும் என்ற அச்சத்தில் எவரும் வாய்திறக்க மாட்டார்கள். எனவே கிள்ளையில் பயிற்சி பெற்றவர் பரங்கிப்பேட்டைக்கும், பரங்கிப்பேட்டைக்காரர் புதுச்சத்திரத்துக்கும் எனப் பக்கத்து ஊர்களுக்கு மாறிச்செல்வதும், பள்ளியோ துணைச் சுகாதார நிலையமோ மாலையில் காலியாக இருக்கும் ஓர் அறையில் துணைவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அமர்வு நடத்துவதும், வாரம் ஒருநாள் அண்ணாமலைநகரிலிருந்து ஒரு மருத்துவ உளவியலாளர் வந்து அவர்களுடைய குறிப்புகளைப் பார்த்துத் திருத்துவதும் நடக்கக்கூடிய ஏற்பாடுகளே. நகரப் பேருந்து ஓடும் தடங்களில் அந்தப் பெண்களுக்குப் பயணச் செலவு ஏற்கெனவே கிடையாது. ஒதுக்க வேண்டியவை அவர்களுக்கான மாத ஊதியமும், அந்த உளவியலாளரின் ஒரு நாளும், நடுவில் யாரையும் மாற்றிவிடாமல் 12 வாரம் விட்டுவைக்கும் உத்தரவும்.